வாசலோடு நிற்கும் சப்பாத்து

சப்பாத்துப் பெட்டி ஒன்றுக்குள்தான் அந்த அட்டைகள் வந்தன. மூடி கழன்றுவிடாமல் ரப்பர் வளையம் போட்டிருந்தது. பக்கத்து வீட்டு முதியவர் அதை எங்கள் சமையலறை மேசையில் வைத்துவிட்டு, "நீர் மொழிபெயர்க்கிற ஆள்தானே, இதையும் ஒருக்கால் பாரும்" என்றார்.

நெதர்லாந்தின் தெற்கே, வட பிராபண்ட் மாகாணத்தில், ஐன்ட்ஹோவனுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருக்கிறேன். இந்தப் பக்கத்து ஊர்களில் உள்ளூர் வரலாற்றுக் குழுக்கள் நிறைய. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் விவசாயிகளும் தபால்காரர்களும் கூடி, பழைய படம், பழைய கருவி, பழைய சொல் என்று கண்டதையெல்லாம் சேர்த்து வைப்பார்கள். எங்கள் ஊர்க் குழுவில் இருந்த ஆசிரியர் ஒருவர் நெதர்லாந்திலும் பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியிலும் போன இடமெல்லாம் காலணிகளின் பெயர்களைக் கேட்டு எழுதியிருக்கிறார். அவர் இறந்த பிறகு அந்த அட்டைகளை வைத்து ஒரு சிறு கண்காட்சி செய்யலாம் என்று குழு முடிவெடுத்தது. ஐன்ட்ஹோவனைச் சுற்றி இப்போது வெளிநாட்டார் அதிகம். ஆகவே விளக்கம் ஆங்கிலத்திலும் வேண்டும்.

41 அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டாரச் சொல், அதைச் சொன்ன ஊரின் பெயர், பென்சிலால் ஒரு சின்னப் படம். ஒரு மாலை வேலை என்று நினைத்தேன். நான்கு மாதம் பிடித்தது.

முதலில் அந்த "நீர்" பற்றி ஒரு வார்த்தை. பள்ளிக்கூட டச்சில் நெருக்கமானவரை "யெய்" என்பார்கள், மரியாதைக்குரியவரை "யூ" என்பார்கள். பிராபண்டுக்காரர் வீட்டில் பேசும்போது இரண்டையும் விட்டுவிட்டு "ஹெய்" என்பார். அது நீயும் இல்லை, நீங்களும் இல்லை. இங்கே வந்த புதிதில் எத்தனையோ பேர் இந்தச் சொல்லில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு "நீர்" கையிலேயே இருந்தது. ஒரு நாளும் இடறவில்லை. காலணியில்தான் இடறினேன்.

முதல் மாலையிலேயே 17 அட்டைகளில் ஒரே சொல்லை எழுதி முடித்துவிட்டேன். படங்கள் எல்லாமே மரத்தில் குடைந்த சப்பாத்துகள். கிளொம்ப் என்று ஓர் அட்டை, பிளொக் என்று ஓர் அட்டை, குளூஃப், ஹொல்லெபிளொக், ஹொல்ஸ்கெ. எதிரே எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் க்ளொக். பள்ளி அகராதி அப்படித்தான் சொல்கிறது. விமான நிலையக் கடையில் விற்கும் சாவிக்கொத்துச் சப்பாத்தின் அட்டையிலும் அதுதான் இருக்கிறது. சரி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று விளக்கை அணைத்தேன்.

குழுவில் ஓர் ஆங்கிலப் பெண்மணி உண்டு. கணவர் டச்சுக்காரர், இவர் இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரில் பிறந்தவர். என் தாளைப் படித்துப் பார்க்க அவரிடம் கொடுத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், என் சொல்லைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "இரும்பு எங்கே?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். லங்காஷயர் பஞ்சாலைகளில் வேலை செய்தவர்கள் அணிந்த க்ளொக்கில் அடி மட்டும்தான் மரம். மேலே முழுக்கத் தோல், முன்னால் பித்தளைக் கொக்கி, அடியில் குதிரை லாடம்போல வளைத்து அடித்த இரும்பு. அவருடைய பாட்டி அதைப் போட்டுக்கொண்டுதான் ஆலைக்கு நடந்தார். விடியற்காலையில் கல் பாவிய தெருவில் ஆட்கள் கூட்டமாக நடந்துபோகும் அந்த இரும்புச் சத்தத்தைத் தன் தாய் சொல்லிக் கேட்டிருக்கிறார். "நீங்கள் க்ளொக் என்று எழுதினால் எனக்குப் பாட்டியின் கால் தெரிகிறது. இந்த ஊர்க்காரரின் கால் தெரியவில்லை" என்றார்.

அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முதல் தடவையாக உற்றுப் பார்த்தேன். ஆங்கிலத்தில் க்ளொக் என்பது முதலில் காலணியே இல்லை; ஒரு மரக்கட்டை. ஓடித் திரியும் மாட்டை ஓடவிடாமல் தடுக்கக் கட்டும் கட்டை. நாங்கள் தொண்டுக்கட்டை என்போமே, அதேதான். கட்டையிலிருந்து மரச் சப்பாத்துக்கு வந்தது, இன்னொரு பக்கம் குழாய் அடைத்துக்கொள்வதற்கும் அதுவே வினைச்சொல் ஆனது. டச்சு கிளொம்ப்புக்கும் முதல் பொருள் கட்டி, திரள். பிளொக் என்றால் சொல்லவே வேண்டாம், வெறும் கட்டை. மூன்று சொற்களும் காலில் மாட்டியிருப்பது ஒரு மரத்துண்டு என்றுதான் சொல்கின்றன. தொடங்கிய இடம் ஒன்று. ஆனால் போய்ச் சேர்ந்த கால்கள் வேறு. கிளொம்ப் அடியிலிருந்து நுனி வரை முழு மரம். தோல் இல்லை, ஆணி இல்லை, தையல் இல்லை.

"மரச் சப்பாத்து" என்று ஆங்கிலத்தில் வெறுமனே எழுதிவிட்டால் என்ன? அதையும் யோசித்தேன். அங்கேயும் ஒரு முள். 17ஆம், 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மரச் சப்பாத்து என்பது அரசியல் வசைச்சொல். போப்பின் ஆட்சியும் வேண்டாம், மரச் சப்பாத்தும் வேண்டாம் என்று கோஷம் போட்டார்கள். பிரெஞ்சு அரசனுக்குக் கீழே நசுங்கிக் கிடக்கும் ஏழை உழவனின் அடையாளமாக அந்தச் சப்பாத்தைக் காட்டினார்கள். அமெரிக்காவில் அந்தக் கசப்பு இல்லை. டச்சுக்காரர் குடியேறிய மிச்சிகன் மாநிலத்து ஹாலந்து நகரில் ஒவ்வொரு ஆண்டும் துலிப் விழாவில் மரச் சப்பாத்து மாட்டி ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கு ஆங்கிலத்திலேயே கிளொம்பன் நடனம் என்றுதான் வெகுகாலம் பெயர். அதாவது, ஆங்கிலம் அந்தச் சொல்லை ஏற்கெனவே வாய்க்குள் போட்டுப் பார்த்திருக்கிறது. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆனால் கிளொம்ப் என்று டச்சுச் சொல்லையே வைத்துவிட்டால், மற்ற 16 அட்டைகளை என்ன செய்வது?

இதுதான் உண்மையான சிக்கல். கிளொம்ப் என்பது பொதுச் சொல்; பத்திரிகையிலும் பள்ளியிலும் இருப்பது. பிராபண்டின் மேற்குப் பக்கத்திலும் பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் பக்கத்திலும் பிளொக் என்பார்கள். இன்னும் மேற்கே போனால், மேற்கு ஃபிளாண்டர்ஸில் குளூஃப். அதைச் செய்பவர் குளூஃப்கப்பர். கப்பர் என்றால் வெட்டுபவர். ஜெர்மன் எல்லையோரத்தில் ட்வென்ட்டெ, அக்டர்ஹூக் பகுதிகளில் ஹொல்ஸ்கெ. இது மரத்தையும் சப்பாத்தையும் குறிக்கும் இரண்டு சொற்கள் ஒட்டித் தேய்ந்து உருவானது, எங்கள் கட்டைச்செருப்புப் போல. நான்கு பெயருக்கும் கீழே ஆசிரியர் வரைந்திருந்த படம் கிட்டத்தட்ட ஒன்றே. ஒரே பொருளுக்கு ஊருக்கொரு பெயர். ஆங்கிலத்தில் நான்கு சொல் தேட வேண்டுமா, ஒரு சொல் போதுமா?

விடை எனக்கு ஓர் அகராதியின் வடிவத்திலிருந்து கிடைத்தது. பிராபண்ட், லிம்பர்க், ஃபிளாண்டர்ஸ் என்று மூன்று பகுதிகளின் வட்டார வழக்குகளுக்கும் மூன்று பெரிய அகராதிகள் இருக்கின்றன. நைமேகன், லூவன், ஹெண்ட் பல்கலைக்கழகங்களில் பல பத்தாண்டுகள் உழைத்துத் தொகுத்தவை. பிராபண்ட் அகராதி 2005இல் முடிந்தது, லிம்பர்க் அகராதி 2008இல். இவை அகர வரிசையில் போவதில்லை. உழவு, கைத்தொழில், பொது வாழ்க்கை என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளையும் முதலில் விவரிக்கின்றன. பிறகு அந்தப் பொருளுக்கு எந்த ஊரில் என்ன பெயர் என்று வரிசையாக அடுக்குகின்றன. பல இடங்களில் வரைபடமும் உண்டு. எந்தச் சொல் எந்த ஆற்றோடு நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

இதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு ஒரே மகிழ்ச்சி. இது நிகண்டு! திவாகரமும் பிங்கலந்தையும் இப்படித்தானே போகின்றன. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருளை முன்னால் நிறுத்தி, அதன் பெயர்களைப் பின்னால் கூட்டி வருவது. அகர வரிசை அகராதி பின்னால் வந்த பழக்கம். 1864இல் முதல் பகுதி வெளிவந்து 1998இல்தான் முடிந்த மாபெரும் டச்சு மொழி அகராதியையும் நூலகத்தில் புரட்டினேன். அது வேறு வகையில் செல்வம், சந்தேகமில்லை. ஆனால் அங்கே சொல்லிலிருந்துதான் பொருளுக்குப் போக வேண்டும். என் சப்பாத்துப் பெட்டிக்கு நிகண்டு முறைதான் சரி. படத்தை வை, அதை எளிய ஆங்கிலத்தில் விவரி, பெயர்களைப் பெயர்களாகவே விடு.

அதற்குப் பொருளை முதலில் நான் ஒழுங்காகப் பார்க்க வேண்டுமே. பக்கத்து வீட்டு முதியவரிடம் போனேன். எண்பதைத் தாண்டியவர், பால் மாடு வைத்திருந்தவர். பின்வாசலுக்குக் கூட்டிப்போய்த் தன் பழைய சோடி ஒன்றை எடுத்துத் தந்தார்.

பார்வைக்குக் கனமாகத் தெரியும். கையில் எடுத்தால் இலேசு. பொப்லர் மரம். இந்தப் பகுதியில் சாலையோரம் நெடுக நிற்பவை அவைதான். தன் நிலத்துக்கு முன்னால் பொது வழியோரத்தில் மரம் நட்டு வெட்டிக்கொள்ளும் உரிமை இங்குள்ள உழவர்களுக்கு முன்காலத்திலேயே இருந்தது. வில்லோ மரத்திலும் செய்வார்கள். ஈர மரத்தைத்தான் வெட்டுவார்கள். கோடரியால் உருவத்தைக் கொத்தி, ஒரு முனையைக் கட்டையில் கொளுவிய நீண்ட கத்தியால் வெளிப்புறத்தைச் சீவி, கரண்டி மாதிரி வாயுள்ள துளைப்பானை உள்ளே விட்டுச் சுழற்றிக் குடைவார்கள். காய வைப்பது அதன் பிறகுதான். இது அவர் சொல்லித் தெரிந்துகொண்டது. நானாகக் கண்டது வேறு. உள்ளே கையை விட்டால் பெருவிரலுக்கு ஒரு குழி, குதிக்கு ஒரு குழி, நடுவில் பளிங்குபோல வழுவழுப்பு. அவருடைய கால் ஆண்டுக்கணக்கில் தேய்த்துச் செய்த வேலை அது. ஒன்றின் மேற்புறத்தில் ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே கம்பி இழுத்துக் கட்டி, மேலே ஒரு தகரத் துண்டை வைத்துச் சின்ன ஆணிகளால் அறைந்திருந்தது.

"உடைந்தால் எறிவதா?" என்றார் அவர். "கம்பி கட்டினால் இன்னொரு குளிர்காலம் போகும்."

டச்சில் வியப்பின் உச்சத்தில் "இப்போது என் கிளொம்ப் உடைகிறது" என்பார்கள். நான் பலமுறை கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். அந்தத் தகரத்தைத் தொட்ட பிறகுதான் அது எவ்வளவு பெரிய வியப்பு என்று விளங்கியது.

"குளிருக்கு?" என்று கேட்டேன். உள்ளே வைக்கோல் திணிப்பார்களாம், கம்பளிக் காலுறை போடுவார்களாம். பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். "ஆனால் வீட்டுக்குள்ளே போடமாட்டோம். கிளொம்ப் வாசலோடு நிற்கும். அம்மா கண்டால் அவ்வளவுதான்." மண்ணும் சாணியும் அதில் இருக்கும். பின்வாசலில் கழற்றி, மூக்கு வெளியே பார்க்கும்படி திருப்பி வைப்பார்கள். மறுபடி போகும்போது குனியாமல் காலை நுழைத்துக்கொண்டு நடக்கலாம். உள்ளே காலுறையோடு நடப்பார்கள், அல்லது ஸ்லொஃப் என்ற மெத்தென்ற வீட்டுச் செருப்போடு.

எங்கள் வீட்டு விறாந்தை நினைவுக்கு வந்தது. படியில் வரிசையாகக் கிடக்கும் செருப்புகள். யாருடைய செருப்பு கிடக்கிறது என்று பார்த்தே யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார் அம்மம்மா. கிளொம்ப்பை ஐரோப்பாவின் சப்பாத்துகளோடு சேர்த்துத்தான் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தேன். பழக்கத்தில் அது எங்கள் செருப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. எந்த ஆங்கில அகராதியும் க்ளொக் என்பதற்கு எதிரே வாசலைப் பற்றி எழுதுவதில்லை. என் அட்டையில் அதை எழுதினேன்: முழுவதும் மரத்தில் குடைந்தது, தோட்டத்துக்கும் தொழுவத்துக்கும் உரியது, வீட்டு வாசலில் கழற்றப்படுவது. ஆங்கிலத்தில் ஒரு வரிதான். 17 அட்டைக்கும் பொதுவாக அந்த ஒரு வரியை மேலே போட்டு, கீழே ஊரும் பெயருமாக அடுக்கினேன். சரியாகச் சொன்னால் 15 அட்டை. இரண்டு அட்டைகளில் படம் கொஞ்சம் மாறியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். திரிப் என்று எழுதியிருந்த அவற்றில் முன்பகுதி தாழ்ந்து, புறங்காலுக்கு மேலே ஒரு தோல் வார் இருந்தது. அவை வேறு பொருள், அவற்றுக்கு வேறு வரி. முதல் மாலையில் எனக்கு அந்த வார் கண்ணில் படவே இல்லை. க்ளொக் என்ற சொல் அதை மறைத்துவிட்டது.

இனி வீட்டுக்குள்ளே அணிபவை. இங்கே நான் விழுந்த குழி என் சொந்த ஆங்கிலத்தில் இருந்தது.

டச்சிலும் "ஸ்லிப்பர்" உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. டச்சு ஸ்லிப்பர் கடற்கரைக்கும் குளியலறைக்கும் போடுவது. விரலிடுக்கில் வார் உள்ளதும் அதில் சேரும். இங்கிலாந்துக்காரரின் ஸ்லிப்பர் மெத்தென்று துணியில் தைத்தது, குளிர்கால மாலையில் அடுப்பருகே போடுவது. அதற்கு டச்சில் பன்டொஃபல் அல்லது ஸ்லொஃப். நான் டச்சு ஸ்லிப்பருக்கு எதிரே ஆங்கில ஸ்லிப்பரை எந்தச் சந்தேகமும் இல்லாமல் எழுதியிருந்தேன். ஏன் சந்தேகம் வரவில்லை? இலங்கையில் நாங்கள் பேசும் ஆங்கிலத்திலும் ஸ்லிப்பர் என்றால் ரப்பர் செருப்புத்தான். லங்காஷயர்ப் பெண்மணி சுட்டிக்காட்டும்வரை என் தவறு எனக்குத் தவறாகவே தோன்றவில்லை. அவருக்குக் கடற்கரையில் கம்பளிச் சப்பாத்தோடு ஒருவர் நிற்பது தெரிந்திருக்கிறது.

வீட்டில் அதே ரப்பர் செருப்பை நாங்கள் பாட்டா என்போம். எந்தக் கம்பெனி செய்தாலும் பாட்டாதான். இதை இங்கே சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் பெஸ்ட் என்ற ஊர். அங்கே பாட்டா நிறுவனம் 1930களில் ஒரு தொழிற்சாலையும், தொழிலாளருக்காக ஒரு குடியிருப்பும் கட்டியது. அந்தக் குடியிருப்பின் பெயர் இன்றைக்கும் பாட்டாடொர்ப், அதாவது பாட்டா கிராமம். பெயர்ப்பலகையை முதல் தடவை பார்த்தபோது சைக்கிளை நிறுத்திவிட்டு நெடுநேரம் நின்றேன். குளியலறை வாசலில் கிடந்த ஒரு சொல், ஊர்ப் பெயராகத் தெருமுனையில் நின்றது.

ஸ்லொஃப் குடும்பத்தில் நிறைய உறவுகள். தெற்கே ஸ்லூஃப், ஸ்லெட்ஸ், ஸ்லெஃபர். உதட்டால் சொல்லிப் பாருங்கள், காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் அதற்குள்ளேயே கேட்கும். ஸ்லொஃபன், ஸ்லெட்ஸன் என்று வினையாகவும் வரும். அப்படி இழுத்து நடப்பது என்று பொருள். பெல்ஜியத்தில் மனைவி சொல்லுக்கு அடங்கி நடப்பவனை "ஸ்லூஃபுக்கு அடியில் கிடக்கிறான்" என்பார்கள். ஆங்கிலத்தில் அதே ஆள் பெருவிரலுக்கு அடியில் கிடப்பான். காலிலிருந்து கைக்குப் போய்விட்டது அதிகாரம். இந்த இடத்தில் நான் ஆங்கில மரபை ஏற்கவில்லை. செருப்புக்கு அடியில் என்றே எழுதி, பொருளைப் பக்கத்தில் சொன்னேன். கண்காட்சி செருப்பைப் பற்றியது. செருப்பை எடுத்துவிட்டால் அந்த வாக்கியத்துக்கு அங்கே இடமில்லை.

இந்த வீட்டுச் செருப்பு அட்டைகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஓர் ஆசையும் வந்தது. வட்டாரச் சொல்லுக்கு வட்டாரச் சொல்லையே தேடினால் என்ன? இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் காலணிக்கு எத்தனை அழகான ஊர்ச் சொற்கள்! 1898 தொடங்கி 1905 வரை ஜோசப் ரைட் ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்த ஆங்கில வட்டார வழக்கு அகராதியில் ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தேன். ஸ்காட்லாந்தில் தேய்ந்து நைந்த பழைய சப்பாத்துக்கு பாஹ்ல். அங்கேயே கிழக்குக் கரையில் வீட்டுச் செருப்புக்கு பாஃபி. பள்ளிப் பிள்ளைகளின் துணிச் சப்பாத்து ஒன்றுக்கே பிரிஸ்டல் பக்கத்தில் டாப், வடகிழக்கில் மணல் சப்பாத்து, வட அயர்லாந்தில் கட்டி. இந்தக் கட்டிக்கு மூலம் கட்டாபெர்ச்சா என்ற மரப்பால். ஸ்லூஃபுக்கு பாஃபி என்று எழுதிப் பார்த்தேன். எவ்வளவு பொருத்தம்! அதே சிறுமை, அதே செல்லம், அதே வீட்டு வாசனை.

இரண்டு நாள் கழித்து அடித்துவிட்டேன். பாஃபி என்று படித்ததும் ஆங்கிலம் தெரிந்தவர் ஸ்காட்லாந்தில் போய் இறங்குவார். ஹெண்ட் நகரத்துக் கிழவியின் காலில் ஸ்காட்லாந்துச் செருப்பை மாட்டியதாகிவிடும். நீங்கள் யோசித்துப் பாருங்கள், ஒரு நாஞ்சில் நாட்டுச் சொல்லை மொழிபெயர்க்க வேண்டி மட்டக்களப்புச் சொல்லை எடுத்து வைத்தால் எப்படி இருக்கும்? சொல் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஊர் மாறிவிடும். வட்டார வழக்கில் ஊர்தானே பாதிச் சொல். இதில் எனக்கு இப்போது மாற்றுக் கருத்தே இல்லை. கதையிலோ நாடகத்திலோ வேறு தேவைகள் இருக்கலாம். பொருளை விளக்கும் அட்டையில் இது கூடாது.

பூட்ஸ் வகையில் அதிகம் சிரமப்படவில்லை. பொது டச்சு லார்ஸ் முழங்கால்வரை ஏறுவது. தோலைக் குறிக்கும் சொல்லும் கால்சட்டை உறையைக் குறிக்கும் பழைய சொல்லும் சேர்ந்து தேய்ந்து வந்தது. லிம்பர்க்கிலும் கிழக்கிலும் ஸ்டீவல் என்பார்கள், ஜெர்மன் உறவு. அதன் மூலம் லத்தீனில் கோடைகாலத்தைக் குறிக்கும் சொல் என்பது ஒரு வேடிக்கை, அதைப் போட்டுக்கொண்டு சேற்றில் நிற்பவர்களுக்கு. பெல்ஜியத்தில் கணுக்கால்வரை உள்ள சப்பாத்து பொத்தீன். ஆங்கில பூட் எல்லாவற்றையும் அணைத்துக்கொள்ளும். உயரத்தைச் சேர்த்து எழுதினால் போதும்.

ஸ்ஹூன் என்ற ஓர் அட்டை மட்டும் என்னை நிறுத்தியது. பொது டச்சில் ஒரு சப்பாத்துக்கு ஸ்ஹூன், பலவற்றுக்கு ஸ்ஹூனன். ஆனால் பழைய டச்சில் ஒருமை ஸ்ஹூ. ஸ்ஹூன் என்பதே பன்மை. சப்பாத்து எப்போதும் சோடியாகவே வருவதால் பன்மைச் சொல்லே வாயில் நின்று, அதுவே ஒருமையாகி, பிறகு அதற்கு மேல் இன்னொரு பன்மை ஏறியது. சில கிழக்கு வழக்குகளில் இன்னும் பழைய ஒருமை உயிரோடு இருக்கிறது. இதை எப்படி ஆங்கிலத்தில் விளக்குவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஆங்கிலத்திலேயே ஷூவுக்கு ஷூன் என்ற பழம் பன்மை உண்டு, ஸ்காட்லாந்தில் இன்னும் கேட்கிறது என்று கண்டேன். அந்த ஒரு சொல்லைக் காட்டினாலே போதும், ஆங்கிலம் படிப்பவருக்கு விளங்கிவிடும். தமிழர்களுக்கோ இன்னும் எளிது. ஆங்கிலப் பன்மையான பூட்ஸை எடுத்து ஒருமையாக்கி, "பூட்ஸ்கள்" என்று நாம் சொல்வது அச்சு அசல் இதே வேலை.

எங்கள் சப்பாத்தும் இந்த வரிசையில் வர வேண்டியதுதான், ஆனால் வராது. அது போர்த்துக்கேயச் சொல். ஒல்லாந்தர், அதாவது இந்த டச்சுக்காரர், 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து 1795வரை வைத்திருந்தார்கள். கந்தோர் அவர்கள் தந்தது. மேசை லாச்சி அவர்கள் தந்தது. துட்டும் கக்கூசும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. காலுக்கு மட்டும் அவர்கள் ஒன்றும் தரவில்லை. அவர்கள் வந்தபோதே சப்பாத்து எங்கள் வாயில் ஏறிவிட்டிருந்தது. கிளொம்ப் அப்போதே வந்திருந்தால் இந்த நான்கு மாத வேலையில் எனக்கு ஒரு சொல்லாவது மிஞ்சியிருக்கும்.

41 அட்டைகளில் ஒன்றே ஒன்றுதான் ஒரு முயற்சியும் இல்லாமல் ஆங்கிலத்துக்குப் போனது. பிளத்தெய்ன். தோல் சப்பாத்துக்கு அடியில், சேறு படாமல் இருக்க மாட்டிக்கொள்ளும் மர அடி. யான் வான் எய்க் 1434இல் வரைந்த அர்னொல்ஃபினி தம்பதியர் ஓவியம் லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அதில் இடது மூலையில், கணவனின் காலடிக்கு அருகே ஒரு சோடி கழற்றிப் போட்டபடி கிடக்கும். மரத்தில் ஒட்டியிருக்கும் சேற்றைக்கூட ஓவியர் விடவில்லை. ஆங்கிலத்தில் இதற்குப் பேட்டன். இரண்டு சொல்லும் பிரெஞ்சு பத்தானிலிருந்து பிரிந்தவை. பொருளும் அதே, மூலமும் அதே, கழற்றும் இடமும் அதே. பெஸ்ட் ஊரில் கிளொம்ப்புக்கான அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அதற்கும் பிளத்தெய்ன் என்றே பெயர். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் இந்தச் சொல்லை இங்கே தெருவில் யாரிடம் கேட்டாலும் அருங்காட்சியகத்துக்கு வழி காட்டுவார்களே தவிர, யாரும் தன் காலைக் காட்டமாட்டார்கள். இங்கிலாந்திலும் அப்படித்தான். இரண்டு கரையிலும் பொருள் போய்ச் சொல் மட்டும் மிஞ்சியது. ஒரே அளவில் மிஞ்சியதால் ஒன்றோடொன்று பொருந்துகிறது. அந்த அட்டையை முடித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கண்காட்சி போன இலையுதிர்காலத்தில், தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் திறந்தது. முதியவர் கோட்டும் மினுக்கிய தோல் சப்பாத்துமாக வந்திருந்தார். அவருடைய சோடிதான் நடுவில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் நீலத் துணி விரித்து, மூக்கு பார்வையாளரைப் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். கீழே என் ஆங்கில வரி.

அவர் ஆங்கிலம் படிக்கமாட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் பிராபண்ட் டச்சில் சொன்னேன். வாசல் என்ற இடம் வந்ததும் தலையாட்டினார். பிறகு பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார்.

"எல்லாம் சரி. ஆனால் இது வெளியே இருந்து உள்ளே வருகிற மாதிரி நிற்கிறது" என்றார். "திருப்பும்."

பொறுப்பாளரிடம் சாவி இருந்தது. கண்ணாடியைத் திறந்து, சோடியைத் தூக்கி, மூக்கு மண்டபக் கதவைப் பார்க்கும்படி நானே திருப்பி வைத்தேன். தகரம் அடித்த பக்கம் இப்போது பார்வையாளருக்குத் தெரியாது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.